அரசன் தேவிக்கு மரியாதை எதனால்?



2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள், நம் அந்தமான் கடலின் கீழ்க்கரையிலுள்ள தாய்லாந்து நாட்டில், காலஞ்சென்ற மன்னர் பூமிபோலின் தேவியாகிய சிரிகிட் அம்மையார் தமது 93ஆம் வயதில் இயற்கை எய்தினார். அந்நாட்டு மக்கள் கறுப்புடை அணிந்து சாலையோரங்களில் அமர்ந்து அஞ்சலி செலுத்திய காட்சியைத் தொலைக்காட்சியில் பலரும் கண்டிருப்பீர்கள். அடுத்து வந்த நமது ஞாயிறு வகுப்பில், துறைமுகத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர் எழுந்து என்னை வினவினார்:

“ஐயா, அந்த அம்மையார் போரிட்டு நாடு காத்தவர் அல்லர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தவரும் அல்லர். ஓர் அரசனை மணந்தார், அவ்வளவே. பிறப்பினால் ஒருவர் உயர்ந்தார் என்பதை மறுத்து இந்நெறிக்கு வந்தவர்கள் நாம். அவ்வாறிருக்க, விவாகத்தினால் ஒருவர் உயர்ந்தார் என்று மட்டும் நாம் ஒப்பலாமா?”

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு சகோதரி, “நெசவாளப் பெண்களுக்கு வேலை தேடித் தந்தவர் என்று சொல்கிறார்களே, அது பெரிதில்லையா?” என்றார். வகுப்பு இரண்டு பட்டது. நானும் அன்று திடமான விடை கூறவில்லை. சிந்தித்து எழுதுகிறேன் என்று சொல்லி வந்தேன். அந்த விடையே இப்பாடம்.

1. ஓர் அரசன், இரு தேவியர்

நமக்கு நன்கு தெரிந்த அரசன் அசோகன். அவன் தேவியருள் அசந்திமித்திரை என்பாள் தம்மத்தில் பற்றுடையவள் என்றும், அவள் மறைந்த பின்னர்ப் பட்டத்தரசியான திஸ்ஸரக்கை என்பாள், அரசன் போதி மரத்தின்மீது கொண்ட அன்பைப் பொறாது அம்மரத்தையே நஞ்சுள்ள முள்ளால் அழிக்க முற்பட்டாள் என்றும் மகாவம்சம் கூறுகின்றது. இருவருக்கும் கணவன் ஒருவனே, அரியணை ஒன்றே, அரண்மனை ஒன்றே. எனினும் ஒருத்தியின் பெயரை அன்போடும் மற்றவள் பெயரை வருத்தத்தோடும் சொல்லுகின்றோம்.

இதனால் பெறப்படுவது யாது? அரசன் அருகில் இருத்தல் மரியாதைக்குக் காரணம் அன்று என்பதே. அது காரணமாயின் இருவரும் ஒரே அளவு மரியாதை பெற்றிருத்தல் வேண்டும். ஆகவே இளைஞரின் வினாவில் பாதி சரியே. விவாகம் ஒருவருக்கு இடத்தைத் தரும், மதிப்பைத் தராது. ஆயின் அந்த இடத்தில் இருந்துகொண்டு ஒருவர் செய்த தொண்டு என்னாவது? மறு பாதி அங்கேதான் இருக்கின்றது.

2. காருவாகியின் மாந்தோப்பு

பிரயாகை நகரத்துக் கோட்டையில் அசோகன் பெயரால் வழங்கும் கற்றூண் ஒன்று நிற்கின்றது. அதில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வெட்டப்பெற்ற சிறு கட்டளை ஒன்றை ‘அரசி சாசனம்’ என்று ஆராய்ச்சியாளர் அழைப்பர். அதன் கருத்து இது: எங்குமுள்ள மகாமாத்திரர் என்னும் அதிகாரிகளுக்கு அரசன் ஆணையிடுகின்றான். இரண்டாம் தேவியார் கொடுத்த கொடை எதுவாயினும், மாந்தோப்பாயினும் பூங்காவாயினும் அறச்சாலையாயினும், அஃது அத்தேவியாரின் கொடையென்றே கணக்கிடப்படல் வேண்டும். அவர் யாரெனின், தீவரனின் தாயாகிய காருவாகி.

சகோதரர்காள், இதைச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். நாடு முழுவதும் அரசனுடையது எனக் கருதப்பட்ட காலம் அது. தேவி கொடுத்ததையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள அவனுக்கு யார் தடை சொல்லியிருப்பார்? எழுதிக்கொள்ளவில்லை. அவள் கொடுத்தது அவளுடையது என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டான். தேவியை வணங்குக என்று அச்சாசனம் கூறவில்லை. அவள் செய்ததை அவள் பெயரில் எழுதுக என்று கூறுகின்றது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமையே இப்பாடத்தின் சாரம்.

அதே தூணில், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்ச் சமுத்திரகுப்தன் தன் போர் வெற்றிகளை நீண்ட புகழுரையாக வெட்டுவித்தான். வென்ற அரசர்களின் வரிசை அதில் உண்டு. நம் காஞ்சி வேந்தன் பெயரும் உண்டு. ஒரே கல்லில் ஒருபுறம் நாடுகளை அடக்கியவனின் ஆரவாரம். மற்றொருபுறம் மாந்தோப்புக் கொடுத்தவளின் ஒரு சிறு குறிப்பு. எது நம் நெஞ்சில் தங்குகின்றது என்பதை அவரவர் கேட்டுக்கொள்க.

3. தஞ்சைச் சுவர் கற்பிப்பது

வடநாட்டில் மட்டுமா இம்முறை இருந்தது? சுமார் 1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டையும் பாருங்கள். தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் கல்லில் வெட்டுக என்பது அவன் ஆணை. அவ்வாறே சோழமாதேவி, பஞ்சவன்மாதேவி முதலிய தேவியரின் கொடைகள் அவரவர் பெயரால் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. கோயிலின் சமயம் நம் சமயமன்று. கணக்கெழுதிய நேர்மை எவரும் கற்கத்தக்கது.

அந்த ஆணையில் ‘மற்றும் கொடுத்தவர்கள்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அரசன் வீட்டாரோடு எண்ணப்பட்டவர்கள் அவர்கள். அச்சுவரிலேயே கோயிற் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிர் நானூற்றுவர் பெயரும், அவரவர் வீட்டு எண்ணும், பெறவேண்டிய நெற்பங்கும் காணப்படுகின்றன. தாங்களே விரும்பி அங்கு வந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. அரசாணையால் பல ஊர்களிலிருந்து கொணரப்பட்டவர்கள் அவர்கள். ஆதலின் அக்காலத்தைப் பொற்காலம் என்று யான் புகழவில்லை. ஆயினும் உழைத்தவள் பெயர் எழுதப்படாது போனால் ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் அவள் இருந்ததே தெரியாது என்பதை அச்சுவர் காட்டுகின்றது.

நம் தீவுகளும் அக்கோயிற் கல்வெட்டில் உண்டு. இராசேந்திரன் கடல் கடந்து வென்றதாகக் கூறும் இடங்களுள் ‘மாநக்கவாரம்’ என்பது நிக்கோபார். வென்றவன் பெயர் அங்கே எழுதப்பட்டது. வெல்லப்பட்ட தீவின் பெண்களுள் ஒருத்தியின் பெயரும் எழுதப்படவில்லை. இத்தனைக்கும் நங்கவுரித் தீவுக் கூட்டத்தில் தலைமை வகிக்கும் பெண்மணியை ‘ராணி’ என்று அழைக்கும் வழக்கம் அண்மைக் காலங்களில் உண்டு. அவர் எவருடைய தேவி என்பதற்காகவும் அன்று. தம் மக்களுக்குத் தலைமை தாங்குவதாலேயே ராணி.

4. ஒரு மலையின் பெயர்

2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்டு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் நம் நகருக்கு எதிரே, கடலுக்கு அப்பால் ஒரு மலை உயர்ந்து நிற்கக் காண்கின்றோம். காந்தியார் படமிட்ட பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்தது அம்மலையிலிருந்து தெரியும் காட்சியே. நெடுங்காலம் அதன் பெயர் மவுண்ட் ஹாரியட். 1862 முதல் 1864 வரை இங்குக் கைதிகள் குடியிருப்பின் மேலதிகாரியாயிருந்த டைட்லர் என்பாரின் மனைவி பெயர் அது.

அந்த அம்மையார் வெறும் பெயரளவிற்கு வாழ்ந்தவர் அல்லர். 1857இல் தில்லி முற்றுகையின்போது படையினர் நடுவே வண்டியில் மகவு ஈன்றவர்; ஓவியம் தீட்டவும் புகைப்படம் எடுக்கவும் வல்லவர். ஆனால் மலைக்கு அவர் பெயர் வந்தது ஓவியத்திற்காகவோ துணிவிற்காகவோ அன்று. கணவர் வகித்த பதவியினால் வந்தது. விலங்கு பூண்டு இம்மலையில் மரம் வெட்டிய கைதிகளை அப்பெயரைப்பற்றி எவரும் கேட்கவில்லை. 2021இல் அது மவுண்ட் மணிப்பூர் என மாற்றப்பட்டது. 1891ஆம் ஆண்டுப் போரில் தோற்று, மன்னர் குலச்சந்திரரோடு இத்தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் வீரர்களின் நினைவாக வந்த பெயர் அது.

கணவனின் நாற்காலியைத் தூணாகக் கொண்ட மரியாதை, நாற்காலி சரிந்தால் தானும் சரியும். அந்த அம்மையார் தம் கையால் தீட்டிய படங்களையோ அவற்றை விரும்பிப் பார்ப்பவர்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

5. வருகைப் பதிவும் வேலையும்

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். “அரசன் துணைவர் மக்கள் பணத்தில் உண்டு உடுத்து வாழ்பவர். கூலி பெற்றவன் வேலை செய்வது கடமைதானே? அதற்கு மரியாதை எதற்கு?”

யான் நூற்பாலையில் ரிங் பிரேமில் இழை பிணைத்தவன். கூலி என்றால் என்னவென்று அறிந்தவன். கூலி என்பது நேரத்திற்கு விலை. ஆனால் அறுந்த இழையை அலட்சியமாய் விடுபவனும் கூலி பெறுகின்றான். கண்ணும் கையும் ஒன்றி இழை பிணைப்பவனும் அதே கூலிதான் பெறுகின்றான். மேஸ்திரி இருவரையும் ஒன்றாகவே மதித்தால், அவனை நேர்மையானவன் என்று தொழிலாளர் சொல்வரோ? கூலியால் தீராத ஒன்று கவனமான உழைப்பில் இருக்கின்றது. அதற்குக் கொடுப்பதே மரியாதை.

இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் பிலிப், கடற்படைப் பணியை விட்டு, மனைவிக்கு ஓரடி பின்னே நடப்பதையே தம் வேலையாக ஏற்றவர். 2017இல் ஓய்வு பெறும்வரை 1952 முதல் தனியாகவே 22,219 நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார் என்று அரண்மனைக் கணக்கு கூறிற்று. துணை நிற்பது ஆணுக்கு இழிவன்று என்று காட்டியதும், தவறாது வேலைக்கு வந்ததும் நல்ல குணங்களே, மறுக்கவில்லை. ஆயினும் வருகைப் பதிவேடு வேறு, நெய்த துணி வேறு. நிகழ்ச்சி எத்தனை என்பதோடு நில்லாது, அதனால் எவருக்கு என்ன நன்மை விளைந்தது என்றும் கேட்டல் வேண்டும்.

6. கீழ்க்கரை அரசி

இப்போது நம் வகுப்பின் வினாவிற்கு வருவோம். சிரிகிட் அம்மையார் 1950இல் பூமிபோலை மணந்தார். 1956இல் மன்னர் பதினைந்து நாள் துவராடை உடுத்துப் பிக்குவாயிருந்தபோது, அவருக்குப் பதிலாக அரச கடமைகளை ஏற்று நடத்தினார். அதே ஆண்டு முதல் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவராயிருந்தார்.

1976இல் நாட்டுப்புறக் கைவினைஞர்க்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். வடகிழக்குப் பகுதியின் வறண்ட ஊர்களில் பெண்கள் நெய்யும் ‘மட்மீ’ என்னும் பட்டு ஒன்று உண்டு. நெய்வதற்கு முன்னரே நூலை இடையிடையே கட்டிச் சாயத்தில் தோய்த்து, கட்டவிழ்த்தால் தோன்றும் நிறங்களைக் கொண்டு பூவேலை உண்டாக்குவது அது. நூலோடு பழகியவன் ஆதலின் சொல்லுகிறேன்: ஓர் இழை பிசகினால் பூ கலைந்துவிடும். விலை போகாது மங்கியிருந்த அத்தொழிலுக்கு வாங்குவோரையும் பயிற்சியையும் தேடிக்கொடுத்ததோடு, அத்துணியைத் தாமே உடுத்தி உலக அரங்குகளில் நின்றார். பட்டறியாத ஏழைக்குப் பட்டைக் கொடுப்பது தானம். அவள் நெய்த பட்டிற்கு விலை கிடைக்கச் செய்வது தொண்டு. இதற்கு மரியாதை உண்டு என்ற நம் சகோதரியின் சொல் சரியே.

ஆயின் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் வாய்மை ஆகாது. அரசனையோ தேவியையோ இழித்துரைத்தார்க்கு மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை என்னும் சட்டம் அந்நாட்டில் உண்டு. அச்சத்தால் மூடிய வாய், அன்பால் குவிந்த கை ஆகாது. சட்டத்தால் பெறும் மரியாதையில், உண்மையாக அன்பு கொண்டவரின் மரியாதையும் ஐயத்திற்கு இடமாகிவிடுகின்றது. இதனால் நட்டம் அடைபவர் அந்தத் தேவியே. மேலும் நாடு இரு கட்சியாய்ப் பிரிந்திருந்த 2008இல், போலீசாரோடு நிகழ்ந்த மோதலில் இறந்த ஒரு பெண்ணின் இறுதிச் சடங்கிற்கு அவர் சென்றார். துக்கம் கேட்பது நற்செயலே. ஆனால் எல்லார்க்கும் தாய் எனப்பட்டவர் ஒரு கட்சியின் பக்கம் நின்றார் என்று மறுபக்கத்தார் மனம் நொந்தனர். துணைவரின் இடத்திற்கு அதிகாரம் சிறிது. ஆயினும் நிழல் பெரிது. அந்நிழல் எங்கே விழுகின்றது என்று எப்போதும் பார்த்து நடத்தல் வேண்டும்.

அவ்விடத்தின் மிகக் கடினமான கடமை, அருகிலிருக்கும் அதிகாரத்திற்கு உண்மை சொல்லுதல். கோசல மன்னன் பசேனதியின் தேவி மல்லிகை பூமாலை தொடுப்பவனின் மகள். மன்னன் தீக்குறி கண்டு அஞ்சி, பல உயிர்களைப் பலியிட்டு வேள்வி செய்ய முனைந்தபோது, ‘பிற உயிரைக் கொன்று தன் உயிரைக் காப்பது எங்ஙனம்?’ என்று இடித்துரைத்து அவனைப் பகவனிடம் அழைத்துச் சென்றாள் என்பது வழிவழி வந்த வரலாறு. கட்டப்பட்ட உயிர்கள் அவிழ்க்கப்பட்டன. கிரீடத்தை அணிந்தவன் பசேனதி. அன்று அரச கடமையைச் செய்தவள் மல்லிகை.

7. கஞ்சித் தொட்டி

இனி என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இத்தீவிற்கு வருமுன் யான் வேலை செய்த ஆலையில் கூலி நிலுவைக்காக ஏறத்தாழ இரண்டு திங்கள் வேலை நிறுத்தம் நடந்தது. யான் சங்கக் கிளையின் செயலாளன். மேடையில் பேசினேன், ஊர்வலத்தில் முன்னே நடந்தேன். என் துணைவியார் தம் தோட்டை அடகு வைத்து நொய்யரிசி வாங்கி, தெருப் பெண்கள் எழுவரோடு சேர்ந்து வேப்பமரத்தடியில் கஞ்சித் தொட்டி நடத்தினார். அந்தக் கஞ்சியினால்தான் தொழிலாளர் பிள்ளைகள் பசியாறின, போராட்டமும் நின்றது.

நிலுவை கிடைத்தது. வெற்றிக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினர். ‘செயலாளரின் மனைவியார்’ என்று அறிவித்து என் துணைவியாருக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டனர். அவர் அமரவில்லை. வீட்டிற்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன். “செயலாளர் மனைவிக்குப் போட்ட நாற்காலிதானே அது? கஞ்சி காய்ச்சினவள் அதில் உட்கார முடியுமா? நாங்கள் எட்டுப் பேர். ஒருத்தி பெயராவது அந்த மேடையில் யாராவது சொன்னீர்களா?” என்றார்.

யான் சொல்லவில்லை. ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. ஒரு மணி நேரம் பேசினேன். எட்டுப் பெயர் சொல்ல நேரமில்லாது போயிற்று. அன்று யான் நாணியதைப்போல் வாழ்வில் அதிகம் நாணியதில்லை. அசோகன் தன் தேவிக்குச் செய்ததை, கூலிக்காரனாகிய யான் என் தேவிக்குச் செய்யத் தவறினேன்.

8. முடிவு

ஆகவே, இளைஞருக்கு என் விடை இது. அரசன் தேவி என்பதற்காக எவர் முன்னும் எழ வேண்டுவதில்லை. அரசன் தேவி என்பதற்காகவே ஒருத்தியின் உழைப்பைப் பொய்யென்று தள்ளுவதும் தகாது; அதுவும் அவளைக் கணவனைக் கொண்டே அளப்பதாகும். மூன்று கேள்விகளைக் கேட்போம். கொடுத்தது அவர் கையா, கருவூலத்தின் கையா? பயன் அடைந்தவர் யாவர்? அதிகாரத்தின் அருகிலிருந்தபோது அவர் உண்மையின் பக்கம் நின்றாரா? இவற்றிற்கு நல்ல விடை கிடைக்குமிடத்து, அரண்மனையாயினும் குடிசையாயினும் எழுந்து நில்லுங்கள். கிடைக்காவிடத்து அமர்ந்தே இருங்கள், ஆனால் இகழாதீர்கள்.

கடைசியாக நம் வீட்டு அழுக்கு ஒன்று. நம் சங்கத்துக் கொடைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆண்கள் கொடுத்தது அவரவர் பெயரில் இருக்கின்றது. பெண்கள் கொடுத்தது ‘இன்னார் மனைவி’ என்று இருக்கின்றது. சிலவிடங்களில் அவர்கள் கொடுத்த அரிசியும் கணவர் பெயரில் ஏறியிருக்கின்றது. இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் அரசன் திருத்திய பிழையை நாம் இன்னும் செய்து வருகின்றோம். வரும் பௌர்ணமிக்குள் அப்பதிவேட்டைப் புதிதாக எழுதுவோம். முதற் பக்கத்தை எழுதும் பணியை வினா எழுப்பிய அந்த இளைஞரிடமே ஒப்படைக்கிறேன்.

வகுப்பிற்கான வினாக்கள்

1. அசோகனின் தேவியர் இருவர் வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது?
2. அரசி சாசனம் அதிகாரிகளுக்கு இட்ட கட்டளை என்ன? அது வணக்கம் கேட்கின்றதா, நேர்மையான கணக்குக் கேட்கின்றதா?
3. சட்டத்தால் பெறும் மரியாதை ஏன் குறையுடையது?
4. உங்கள் வீட்டிலும் தெருவிலும், செய்த தொண்டு வேறொருவர் பெயரில் எழுதப்பட்டவர் எவரேனும் உளரா? அவர் பெயரை அடுத்த வகுப்பில் உரக்கச் சொல்லுக.